சுண்ணாம்பில் உலர்த்திய ஸ்பிரிட்

எதிலாவது தண்ணீர் கலந்திருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். பாலில் மட்டும் என்றால் சேலத்தில் பாதிப் பேருக்கு அந்தத் திறமை உண்டு. இவர் மையில் கண்டுபிடிப்பார், மண்ணெண்ணெயில் கண்டுபிடிப்பார், தேனில் கண்டுபிடிப்பார். மாணவிகளின் விடைத்தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, "இதுல தண்ணி ஜாஸ்தி" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்தால் சாமியார் வைத்த பிரசங்கத்துக்கும் அதே தீர்ப்புதான். எங்கள் கல்லூரியில் கல்யாணமாகிப் போகும் ஆசிரியைகளுக்கு வாசித்துக் கொடுக்கும் வாழ்த்துமடல்களைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் உதட்டை அசைக்காமல் அதையே சொல்வார். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நான். சிரிப்பை அடக்கமுடியாமல் பிரின்சிபால் அம்மாவிடம் முறைப்பு வாங்குவதும் நான்தான்.

அவர் வேதியியல் விரிவுரையாளர். நான் பக்கத்து அறையில் பௌதிகத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர். பெண்கள் கல்லூரி தொடங்கிய புதிது, அறுபதுகளின் ஆரம்பம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கெல்லாம் அவர் மிஸ். ஒல்லியான உடம்பு, வெளுத்த காட்டன் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. பள்ளிவாசல் தெருவுக்கு அப்பால் ஒரு ஓட்டு வீட்டில் தகப்பனாரோடு இருந்தார். காலையில் பால்காரர் வந்து நின்றால் சொம்பை வாங்கி, அதில் பால்மானியை மிதக்கவிட்டு, குனிந்து அளவைப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார். "நேத்தைவிட இன்னைக்குப் பரவாயில்லைங்க" என்று பால்காரரிடமே சொல்வார். அந்த மனிதர் தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் தண்ணீர்ப் பால் ஊற்றி, இந்த ஒரு வீட்டுக்குத் தனிச் சொம்பு வைத்திருந்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

பேச்சும் அப்படித்தான் இருக்கும். தம்மம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு தகப்பனார், "எம்பொண்ணு பாஸ் பண்ணிருவாளா?" என்று கேட்டார். நாங்களாயிருந்தால் கொஞ்சம் முயற்சி செய்தால் ஆகும் என்று இழுத்திருப்போம். இவர், "மாட்டா. வீட்டுல வேலை வாங்காம படிக்க விட்டா அடுத்த வருஷம் பண்ணுவா" என்றார். அந்த ஆள் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பெண் பாஸ் பண்ணினாள், தகப்பனாரும் ஒரு கூடை நிலக்கடலையோடு வந்தார். நான் முதல் நாள் கட்டிக்கொண்டு போன சேலையைப் பார்த்து, "கலர் உங்களுக்குச் சேரலை" என்று சொன்னவரும் இவர்தான். அழுகையே வந்தது எனக்கு. மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தவரும் இவரே. நல்லவர்தான். நல்லவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் பிறகு ஆபத்தாகிவிட்டது. அவர் ஒன்று சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அவரிடம் ஒரு சொத்து இருந்தது. சொத்து என்றால் கல்லூரிச் சொத்துதான், ஆனால் அவர் உயிர் அதில் இருந்தது. நகத்தைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பிளாட்டினத் தகடுகள். அவற்றை வைத்துக்கொண்டு ஸ்பிரிட்டைத் தீயில்லாமல் எரித்துக் காட்டுவார். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் கந்தக அமிலக் கரைசல், அதில் ஸ்பிரிட், இரண்டு தகடுகள், லாரிக் கடையில் இரவல் வாங்கிய ஒரு பழைய பாட்டரி. மின்சாரம் ஓடத் தொடங்கியதும் ஒரு தகட்டின் மேல் ஸ்பிரிட் எரியும். சுடர் கிடையாது, புகை கிடையாது. கிட்டே போய் மோந்தால் காடி வாசனை லேசாக வரும். எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதைக் காட்டுவது என்னுடைய மில்லியம்மீட்டர். அதன் முள் ஏறினால் நன்றாக எரிகிறது, இறங்கினால் அணைகிறது என்று அர்த்தம். அந்த மீட்டருக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவார்.

முதல் தடவை செய்தபோது ஸ்பிரிட் பற்றாக்குறை. எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து அப்போதே பல வருஷங்கள். ஆய்வகத்துக்கு ஸ்பிரிட் வாங்குவதென்றால் பர்மிட், கையெழுத்து, சோதனை என்று ஆயிரம் சங்கடம். பாட்டிலின் அடியில் கிடந்ததைக் கவிழ்த்து, மீதிக்குக் கரைசலையே ஊற்றி நிரப்பினார். முள் ஜம்மென்று ஏறி நின்றது. "இந்தத் தண்ணி ஸ்பிரிட்டுக்கே இப்படின்னா, நல்லது வரட்டும், பாருங்க" என்றார்.

நல்லது வந்தது. அதுவும் அவருக்குப் போதவில்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லை அதில் போட்டு ராத்திரி முழுக்க வைத்தார். சுண்ணாம்பு ஸ்பிரிட்டில் ஒளிந்திருக்கும் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். பிறகு காய்ச்சி வடித்து, பாட்டிலில் அடைத்து, மூடிக்கு மெழுகு வைத்து, பீரோவில் பூட்டினார். அந்தப் பாட்டிலை அவர் பார்த்த பார்வையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

கல்லூரிக் கண்காட்சி வந்தது. பெற்றோர்கள், பக்கத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியைகள், கலெக்டர் வீட்டு அம்மாள் என்று கூட்டம். அவர் கிண்ணத்தில் உலர்ந்த ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றினார், அமிலத்தைப் பெயருக்குச் சேர்த்தார். பாட்டரியை இணைத்தார். முள் விசுக்கென்று எழுந்தது. எல்லோரும் ஆகா என்றார்கள். அந்த ஆகா முடிவதற்குள் முள் இறங்கத் தொடங்கி, சாய்ந்து, கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார், தகட்டைத் துடைத்துப் போட்டார், மறுபடி இணைத்தார். மறுபடியும் அதே கதை. கலெக்டர் வீட்டு அம்மாள் நாகரிகமாக அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

கூட்டம் போனதும் அவர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். முகம் காது வரை சிவந்திருந்தது. "இதுல தண்ணி இருக்கு" என்றார்.

ராமாயி அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்து அட்டெண்டர், தற்காலிக வேலை. புதுச்சத்திரத்துக்காரி. அவள் புருஷனை மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சியதற்காக ஒரு தடவை போலீஸ் பிடித்திருந்தது. அந்த மனிதன் இறந்து வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் ராமாயி என்றால் முதலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான்.

"ராமாயி, பீரோவைத் திறந்தியா?"

"சனிக்கெழம தொறந்தனுங்க மிஸ். நீங்கதான தூசி தட்டச் சொல்லிச் சாவி குடுத்தீங்க."

"பாட்டில்ல தண்ணி ஊத்தினது யாரு?"

ராமாயிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. "தண்ணிங்களா? நான் எதுக்குங்க மிஸ் அதுல தண்ணி ஊத்தறேன்?"

"ஸ்பிரிட்டை எடுத்தது தெரியாம இருக்க."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றனுங்க மிஸ். கையில சூடத்தப் பத்த வெச்சு உள்ளங்கையிலயே அணைக்கறேன். அந்தப் பாட்டில நான் நகத்துலகூடத் தொடலீங்க."

"சூடமெல்லாம் எதுக்கு? அதான் முள்ளு சொல்லுதே."

மெழுகு வேறு மாதிரி இருக்கிறதா என்று பாருங்களேன் அக்கா என்று நான் முனகினேன். மெழுகைத்தான் கண்காட்சிக்காக அவரே உடைத்துவிட்டிருந்தாரே. அந்தப் பேச்சு அதோடு நின்றது. மேசை இழுப்பறையில் ஒரு ஹைட்ரோமீட்டர் கிடந்தது. பால்மானியின் அண்ணன் மாதிரி இருக்கும், ஸ்பிரிட்டில் மிதக்கவிட்டால் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடும். அதை எடுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. மூக்கும் முள்ளும் ஒன்றைச் சொன்ன பிறகு மூன்றாவது சாட்சி எதற்கு என்று இருந்திருப்பார்.

ராமாயியை வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரின்சிபால் அம்மா பயந்த சுபாவம். கணக்கில் இருக்கும் ஸ்பிரிட் காணாமல்போனால் தன் தலைக்கு வரும் என்று கவலை. "போலீசுக்கு எழுதித்தான் ஆகணும். ஆனா வெறும் வாய்ச்சொல்லா எழுத முடியாது. தண்ணி கலந்ததாலதான் முள்ளு விழுந்ததுன்னு ஒரு தடவை செஞ்சு பார்த்து உறுதி பண்ணிக் குடுங்க" என்றார்.

அடுத்த வாரம் அதற்காகத்தான் அக்கா என் மீட்டரை மறுபடி வாங்கினார். மாணவிகள் யாரும் இல்லை, நாங்கள் இருவர் மட்டும். அவர் யோசனை சுலபமானது. அதே பாட்டிலிலிருந்து கிண்ணத்தில் ஊற்றுவது. முள் விழும். பிறகு அதில் இன்னும் தண்ணீர் சேர்ப்பது. முள் இன்னும் விழும். தண்ணீர் சேரச் சேர முள் விழுகிறது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

முதல் பாதி அவர் சொன்னபடியே நடந்தது. முள் எழுந்து, விழுந்தது. பிப்பெட்டில் தண்ணீரை எடுத்து விட்டார். முள் அசைந்தது. ஏறுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னும் விட்டார். சந்தேகமே இல்லை, ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, நின்றது. கண்காட்சியன்று ஒரு நிமிஷம்கூட நிற்காத முள் அசையாமல் நின்றது. கிண்ணத்திலிருந்து காடி வாசனை வந்தது.

"மீட்டர்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். என் மீட்டரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. வேறு மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். அதுவும் அதையே சொன்னது.

அவர் இழுப்பறையைத் திறந்து ஹைட்ரோமீட்டரை எடுத்தார். உயரமான ஜாடியில் பாட்டில் ஸ்பிரிட்டை ஊற்றி அதை மிதக்கவிட்டார். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. சுண்ணாம்பில் உலர்த்தி வைத்தது எப்படியோ அப்படியே இருந்தது. நாங்கள் ஊற்றியது போக ஒரு துளி அதிலிருந்து போகவும் இல்லை, ஒரு துளி அதில் சேரவும் இல்லை.

"பால்காரருக்குத் தினமும் மானி போட்டேன்" என்றார். "இவளுக்கு ஒரு தடவை போடலை."

கரும்பலகையில் முந்தின வகுப்பின் எழுத்து அழிக்காமல் கிடந்தது. ஸ்பிரிட் எரிந்து காடியின் அமிலமாக மாறும் சமன்பாடு. அதன் இடதுபக்கத்தில் ஸ்பிரிட்டோடு கூட்டல் குறி போட்டுத் தண்ணீரும் இருந்தது. அவரே எழுதியது. வருஷா வருஷம் எழுதுவது. அதைப் பார்த்தவர் டஸ்டரை எடுத்துப் போய், அழிக்காமல் பலகையருகே நின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியவர்கள் வெட்கப்படுவதைக் கிட்டேயிருந்து பார்ப்பது நமக்கே அவமானமாக இருக்கிறது.

அன்றே பிரின்சிபால் அம்மாவிடம் போனார். அந்த அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "அப்பாடா, போலீஸ் வேண்டாம். ராமாயிக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லிடலாம். ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னாப் போதும்" என்றார்.

"ஏதோ தப்பு நடக்கலை. நான் பண்ணினேன்" என்றார் இவர். ஆசிரியர் அறைக்கு வந்து, டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் அதையே நின்றபடி சொன்னார். ஒருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தமிழ் மிஸ் ஒருவர், "சரி விடுங்க, மனுஷங்கன்னா அப்படி இப்படித்தான்" என்றார்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதைப் பற்றியெல்லாம் வெளியில் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. எனக்கு மட்டும் சொன்னார். "அபராதமா மூணு அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். அதுல தண்ணி ஜாஸ்தி" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் கடைசி. பிறகு எத்தனையோ வருஷம் ஒரே கல்லூரியில் இருந்தோம். படுமோசமான விடைத்தாள்கள் வந்தன. இரண்டு மணி நேரம் பேசிய மந்திரிகள் வந்தார்கள். நான் ஆசையோடு அவர் உதட்டைப் பார்ப்பேன். ஒன்றும் வராது. பால்மானியைத் தகப்பனார் எங்கோ எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். அதன்பின் பால்காரர் அந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுப் பாலையே ஊற்றினார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராமாயியைப் பார்க்கப் புதுச்சத்திரம் பஸ் ஏறினோம். என்னை ஏன் கூட்டிப் போனார் என்று தெரியவில்லை. தனியாகப் போகப் பயந்திருக்கலாம். வழியெல்லாம் பிளாட்டினத்தைப் பற்றியே பேசினார். "தகட்டு மேல இடம் கொஞ்சம்தான். ஸ்பிரிட் வந்து அதுல ஒட்டி உக்காந்தாத்தான் எரியும். ஆனா அது மட்டும் வந்து உக்காந்தா, பாதி எரிஞ்ச சக்கை அங்கேயே அப்பிக்கும். இடத்தை விடாது. அதை முழுசா எரிச்சுக் கிளப்பறதுக்கு ஆக்சிஜன் வேணும். அது பக்கத்துல உக்காந்திருக்கற தண்ணிகிட்டதான் இருக்கு. நான் அந்தத் தண்ணியத்தான் சுண்ணாம்பு போட்டு விரட்டியிருக்கேன்."

"அப்போ தண்ணி நிறைய இருந்தா நல்லதுதானேக்கா?"

"அதுவும் இல்லை. அளவு மீறினா எல்லா இடத்தையும் அதுவே பிடிச்சுக்கும், ஸ்பிரிட்டுக்கு உக்கார இடமிருக்காது. அப்பவும் முள்ளு விழும். செஞ்சு பார்த்துட்டேன்."

கண்டக்டர் ஒரு கோழிக்கூடையை எங்கள் மடிமேல் ஏற்றி, இன்னும் தள்ளி உட்காருங்கள் என்று கத்திக்கொண்டிருந்ததால் எனக்கு விஷயம் நன்றாகவே புரிந்தது. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ராமாயியிடம் சொல்வதற்காக இதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ராமாயி ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மில்லில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஞாயிறு என்று அங்கே விடுமுறை கிடையாது. புளித்த மாவுத் தண்ணீர் வாடை மூக்கைத் துளைத்தது. கிழங்கு மலையாகக் குவிந்திருக்க, சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ராமாயி பதறி எழுந்தாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள்.

"ஏனுங்க மிஸ், இத்தன தூரம் நீங்க வரோணுமா? ஆராச்சும் மூலியமாச் சொல்லியுட்டா நானே வந்திருப்பனுங்களே. வாங்க, எங்கூட்டுக்குப் போலாம்."

"வேண்டாம். இங்கேயே சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்." அவர் மாவுத் தண்ணீரில் நின்றுகொண்டே சொன்னார். "ராமாயம்மா, நீங்க எதையும் எடுக்கலை. பாட்டில்ல ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை. நான்தான் பார்க்காம, விசாரிக்காம உங்களைத் திருடின்னு சொன்னேன். தப்பு என்னோடது. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன்."

சீவுகிற சத்தம் நின்றுவிட்டது. ராமாயி கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வாங்க போங்கன்னு பேசாதீங்க மிஸ். எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி, "இவ எடுக்கமாட்டான்னு எங்களுக்குத் தெரியுஞ் சாமி. மாரியாத்தா கோயல்ல சூடம் அணைச்சாளே. கை பொத்துப்போச்சு" என்றாள். ராமாயி வலது கையை மடக்கிக்கொண்டாள்.

அவர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் வரத்தொடங்கியது. தகட்டில் இடம் கொஞ்சம், ஸ்பிரிட் வந்து உட்காரும், தண்ணீரும் உட்காரும், சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துவிட்டது, அதனால் முள் விழுந்தது, அன்று தண்ணீர் சேர்த்துப் பார்த்தபோது முள் ஏறியது, அதனால்தான் தெரியவந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். ராமாயி மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டாள். முழுதும் கேட்டாள்.

"பிரின்சிபால் அம்மா உங்களை வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று முடித்தார்.

"வாரனுங்க மிஸ். நாளன்னைக்கே வாரேன். இங்க சீவிச் சீவி வெரலே மரத்துப்போச்சுங்க." அதைச் சொல்லும்போது ராமாயி லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்காவின் முழங்கையைத் தொட்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா மிஸ்?" என்றாள் ராமாயி.

"கேளுங்க."

"அன்னைக்கு நீங்க தண்ணிய ஊத்திப் பாத்தீங்கல்ல, அப்ப அந்த முள்ளு ஏறாம எறங்கியிருந்தா இன்னைக்கு இங்க வந்திருப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அத்தனை பெண்களும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது இதமாகச் சொல்லுங்கள் அக்கா, எப்படியும் ஒரு நாள் வந்திருப்பேன் என்றாவது சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"மாட்டேன்" என்றார் அவர். "போலீசுக்கு எழுதிக் குடுத்திருப்பேன்."

ராமாயி தலையசைத்தாள். "அதானுங்க" என்றாள். பிறகு உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு கிழங்கை இழுத்துச் சீவ ஆரம்பித்தாள்.